அரக்கு தெரியாத வெளிச்சம்

காஞ்சிபுரத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கப் போகிற குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. கடைக்குள்ளே ஐம்பது விளக்கு எரியும். இருந்தாலும் பெரியம்மாவோ அத்தையோ புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு, "வாசல்ல வெச்சு ஒரு தரம் பாத்துட்டு வந்துடறேன்" என்று கிளம்பிவிடுவார். கடைக்காரரும் தடுக்க மாட்டார். காரணம் அவருக்கும் தெரியும்: விளக்கு வெளிச்சத்தில் பார்த்த நிறம் வெயிலில் நிற்காது.

வாங்குகிறவருக்கு வாசல் இருக்கிறது. நெய்கிறவருக்கு? பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்குள்ளே குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்திருப்பவர் தறியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வர முடியுமா? அவர் தலைக்கு மேலே ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு. அந்த மாதிரி பல்புகளின் அட்டைப்பெட்டியில் 'கூல் டேலைட்' என்று போட்டிருக்கும். டேலைட் என்றால் பகல் வெளிச்சம். மற்றவர்களுக்கு அது விளம்பர வார்த்தை. பட்டு நெய்கிறவருக்கு அது பச்சைப் பொய்.

அந்தப் பொய்யைத் திருத்துவதற்கு வேண்டிய அறிவியல் எங்கோ அமெரிக்காவில் இல்லை. தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களில் வருஷக்கணக்காக அதைத்தான் கல்வத்தில் போட்டு அரைத்துக்கொண்டிருக்கிறார்கள். அரைத்த மாவு ஏன் தறி வரைக்கும் வரவில்லை என்பதுதான் கேள்வி.

வெள்ளை எப்படி வெள்ளையாகிறது?

எல்.இ.டி. பல்புக்குள் வெள்ளை விளக்கு எதுவும் கிடையாது. உள்ளே இருப்பது நீல விளக்கு. சுமார் 450 நானோமீட்டர் அலைநீளம். அந்த நீலத்தைச் சாதித்ததற்காகத்தான் 2014-ல் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். நீலத்துக்கு மேலே ஒரு மஞ்சள் பொடியைப் பூசுகிறார்கள். யிட்ரியம் அலுமினியம் கார்னெட் என்ற படிகத்தில் துளியூண்டு சீரியம் சேர்த்த பொடி அது. நீலத்தில் ஒரு பங்கை விழுங்கி மஞ்சளாக வெளிவிடும். விழுங்காமல் விட்ட நீலமும் இந்த மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும்.

(இந்தியா முழுக்க 2015 ஜனவரியிலிருந்து 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகளை மலிவாகக் கொண்டுசேர்த்த அரசுத் திட்டத்தின் பெயர் 'உஜாலா'. இங்கே சொட்டு நீலத்துக்கும் அதே பெயர்தான். பொருத்தம் பிரமாதம்!)

கண்ணை ஏமாற்ற நீலமும் மஞ்சளும் போதும். துணி ஏமாறாது. அரக்குப் பட்டு தன் மேல் விழுகிற வெளிச்சத்தில் சிவப்பை மட்டும் திருப்பி அனுப்பும், மற்றதை விழுங்கிவிடும். விழுகிற வெளிச்சத்திலேயே சிவப்பு பஞ்சம் என்றால் அது எதைத் திருப்பி அனுப்பும்? அதனால்தான் மலிவு பல்புக்குக் கீழே அரக்கு காப்பிப்பொடி நிறத்தில் உட்கார்ந்திருக்கிறது. பகல் வெளிச்சமும் 'கூல் டேலைட்' பல்பும் வெறும் சுவரில் ஒரே வெள்ளையாகத் தெரியலாம். உள்ளே இருக்கும் சரக்கு வேறு வேறு.

இதை அளக்க ஒரு மார்க் உண்டு. சி.ஆர்.ஐ. என்பார்கள், நிறத்தை எவ்வளவு நேர்மையாகக் காட்டுகிறது என்ற மதிப்பெண். நூற்றுக்கு 80 என்றால் நல்ல பல்பு என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த 80 எப்படி வருகிறது தெரியுமா? எட்டு வெளிர் நிறங்களில் பல்பு எடுத்த மார்க்கின் சராசரி. அழுத்தமான சிவப்பு ஒன்பதாவது நிறம். ஆர் 9 என்று பெயர். அது சராசரியில் சேராது! மொத்த மார்க்கில் கணக்குக்கு வராத பேப்பரை எந்த மாணவன் படிப்பான்? பல்புக் கம்பெனியும் படிப்பதில்லை. 80 மார்க் பல்புகளில் பலவும் சிவப்பில் பூஜ்யத்தைச் சுற்றித்தான் நிற்கின்றன. மைனஸுக்குப் போகிறவையும் உண்டு. ஆமாம், இந்தப் பரீட்சையில் மைனஸ் மார்க் உண்டு.

காஞ்சிக்குச் சிவப்பு ஏன் உயிர்?

எந்த ஊருக்குச் சிவப்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. காஞ்சிபுரத்துக்கு ஆகாது. கல்யாணக் கூரைப் புடவையே அரக்கு. கோர்வை வேலை என்றால் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டு நிறமும் எடுப்பாக மோதுவதில்தான் அழகு. அந்த மோதலை நெய்கிறவர் கண்ணே பார்க்க முடியவில்லை என்றால் எப்படி? பாவில் இழை அறுந்து வேறு கண்டிலிருந்து நூல் எடுத்துப் பிணைக்கிறார். பல்புக்குக் கீழே இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வெயிலுக்கு வந்ததும் ஒன்று அரக்கு, ஒன்று குங்குமம். அதற்குள் சில முழம் நெய்தாகிவிட்டது. இரண்டு சாயங்கள் ஒரு விளக்கில் ஒத்துப்போய் இன்னொரு விளக்கில் சண்டை போடுவது புடவை உலகின் பழைய தலைவலி. விளக்கில் சிவப்பு எவ்வளவு குறைகிறதோ, சிவப்புச் சாயங்களில் அந்த ஏமாற்று அவ்வளவு கூடும்.

சரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். அசல் காஞ்சி சரிகையில் நடுவே சிவப்புச் சாயம் தோய்த்த பட்டு நூல். அதைச் சுற்றி வெள்ளிக் கம்பி. அதற்கு மேல் தங்க முலாம். சுரண்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பு தெரிய வேண்டும் என்பது வீட்டுப் பெண்களுக்கெல்லாம் தெரிந்த சோதனை. 2005-06-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஒரு பட்டின் அசல்தன்மைக்குச் சாட்சி ஒரு சிவப்பு நூல். அந்தச் சிவப்பைக் காட்டத் தெரியாத விளக்குக்குக் கீழேதான் அது நெய்யப்படுகிறது.

சிவப்பைத் துரத்தியது யார்?

பல்புக் கம்பெனி மேல் மட்டும் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. அது கொடுத்த விதிப்படி விளையாடுகிறது. விதியைப் பாருங்கள்.

பல்பின் வெளிச்சத்தை லூமென் கணக்கில் அளக்கிறார்கள். லூமென் என்பது கண்ணின் கூச்சத்தை வைத்துச் செய்த அளவு. 555 நானோமீட்டர் பச்சைக்கு முழு மார்க். 620 நானோமீட்டர் சிவப்புக்கு சுமார் 38 சதம். 650-க்குப் போனால் 11 சதத்துக்கும் கீழே. அதாவது பல்பு ஒரு வாட் சக்தியைச் சிவப்பாகக் கொட்டினால், கணக்குப்பிள்ளை அதில் பெரும்பங்கைக் கிழித்துப் போட்டுவிடுவார். எல்.இ.டி. பல்புக்குத் தரப்படும் நட்சத்திரமோ வாட்டுக்கு எத்தனை லூமென் என்பதை வைத்து வருகிறது. அப்புறம் எந்தக் கம்பெனி சிவப்பு சேர்க்கும்? சேர்த்தால் நட்சத்திரம் உதிரும். சேர்க்காமல் இருந்தால் மின்சார சிக்கனம் என்று பாராட்டு.

சிக்கனம் நல்லதுதான், யாருக்கு வலிக்கிறது என்று கணக்குப் போட்டால் தெரியும். சிவப்பைச் சரியாகக் காட்டும் பல்பு அதே வெளிச்சத்துக்கு 10 முதல் 20 சதம் வரை கூடுதல் மின்சாரம் கேட்கலாம். 9 வாட் பல்பு 11 வாட் ஆகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், இரண்டு மாசத்துக்கு அறுபது நாள். கூடுதல் செலவு 1.2 யூனிட். கைத்தறி நெசவாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2023-லிருந்து இரண்டு மாசத்துக்கு 300 யூனிட் இலவசம். முந்நூறில் ஒன்றேகால்! இதை மிச்சம் பிடிக்கத்தான் அரக்கு பலியாகிறது.

மணவாளக்குறிச்சி மண்

சரி, பல்பில் சிவப்பு எங்கிருந்து வரும்? அரிய மண் தனிமங்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. பெயர்தான் அரிய. கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் காலில் ஒட்டும். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் ரசாயனக்காரர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மினுமினுப்பான மணலைப் பார்த்து அது மோனசைட் என்று கண்டுபிடித்தார். மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் வேலை தொடங்கியது அப்படித்தான். எதற்காக? பெட்ரோமாக்ஸ் வலைக்காக.

பெட்ரோமாக்ஸ் வலை தோரியம் ஆக்சைடு. சுத்த தோரியம் ஆக்சைடைச் சூடாக்கினால் மங்கலாகத்தான் எரியும். அதில் 1 சதம் சீரியம் ஆக்சைடு சேர்த்ததும் பளீரென்று எரிந்தது. இன்றைக்கு 'டோப்பிங்' என்று சொல்கிற சமாச்சாரத்தை இதை வைத்தே புரிந்துகொள்ளலாம். நூறு பங்கு படிகத்தில் ஒரு பங்கு விருந்தாளி; வெளிச்சம் விருந்தாளியால் வருகிறது. சாமி புறப்பாட்டில் தலையில் பெட்ரோமாக்ஸ் சுமந்து நடந்தவர்கள் தெரியாமலே அரிய மண் ஒளியியலைத்தான் சுமந்தார்கள்.

இந்தத் தனிமங்களுக்கு ஒரு விசேஷம். வெளிச்சம் தருகிற எலெக்ட்ரான்கள் அணுவின் உள் அறையில் இருக்கின்றன. வெளியே இருக்கும் எலெக்ட்ரான் கூடு அவற்றைப் போர்வை மாதிரி மூடிக்கொள்கிறது. அதனால் பல படிகங்களில் கொண்டுபோய் வைத்தாலும் யூரோப்பியம் பெரும்பாலும் 611-லிருந்து 615 நானோமீட்டரை ஒட்டிச் சிவப்பைத்தான் தரும். டெர்பியம் 545-ஐ ஒட்டிப் பச்சையைத்தான் தரும். இரண்டையும் 1970-களிலேயே டியூப்லைட்டுக்குள் போட்டுவிட்டார்கள்.

இனி பெரோவ்ஸ்கைட். 1839-ல் உரால் மலைப் பகுதியிலிருந்து வந்த ஒரு கனிமத்தை ஆராய்ந்த குஸ்தாவ் ரோஸ் வைத்த பெயர். அந்தக் கனிமம் கால்சியம் டைட்டனேட். அதே அடுக்கில் அணுக்கள் அமைந்த எல்லாப் படிகங்களுக்கும் இப்போது அந்தப் பெயர். விருந்தாளிகளை வாங்கிக்கொள்வதில் இந்த அடுக்கு தாராளம். கால்சியம் டைட்டனேட்டில் துளி பிரசியோடிமியம் சேர்த்தால் 612 நானோமீட்டரை ஒட்டி அச்சு அசல் சிவப்பு வருகிறது. வேறு பல படிகங்களில் பிரசியோடிமியம் பச்சை-நீலத்தையும் கலந்து தரும். இங்கே பக்கத்தில் இருக்கும் டைட்டானியம் அந்த மேல்படி எலெக்ட்ரானைக் கீழ்ப்படிக்கு இறக்கிவிடுகிறது. சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது.

இதில் இன்னொன்றைக் கவனியுங்கள். பிரசியோடிமியம் மோனசைட்டில் இருக்கிறது. டைட்டானியம் இல்மனைட்டில் இருக்கிறது. இரண்டு மணலும் மணவாளக்குறிச்சியில் ஒரே கரையில் கிடக்கின்றன. கால்சியத்துக்குச் சுண்ணாம்பு போதும். 2025 ஏப்ரலில் சீனா யிட்ரியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டபோது உலகமே பதறியது. அப்படியிருக்க, முழுக்க இந்தக் கரை மணலிலேயே செய்யக்கூடிய ஒரு சிவப்புப் பொடியை யாராவது விட்டுவைப்பார்களா?

கடைசி வரி

விட்டுவைத்திருக்கிறார்கள். காரணம் இருக்கிறது, பாதி காரணம் நியாயமானது. பிரசியோடிமியம் சேர்த்த கால்சியம் டைட்டனேட் நன்றாக எரிய புற ஊதா வேண்டும். பல்புக்குள் இருக்கும் 450 நீலத்தை அது சரியாகக் குடிக்காது. யூரோப்பியத்துக்கும் அதே நோய். 394-ல் நன்றாகக் குடிக்கும், 464-ல் கொஞ்சம் குடிக்கும், நடுவில் கிடக்கும் 450-ஐ ஏறிட்டும் பார்க்காது. அந்த உள் அறைப் போர்வை நிறத்தைக் காப்பாற்றுகிறது. கூடவே வெளிச்சம் உள்ளே வரும் கதவையும் ஒடுக்கிவிடுகிறது.

இது அறிவியலின் கஷ்டம். இதில் யாருக்கும் வெட்கம் வேண்டாம். வெட்கப்பட வேண்டியது இன்னொரு இடத்தில்.

இந்தத் துறையின் ஆய்வுக் கட்டுரைகளை வரிசையாக எடுத்துப் படியுங்கள். யூரோப்பியம் சேர்த்த ஏதோ ஒரு பெரோவ்ஸ்கைட். 394 நானோமீட்டர் வெளிச்சம் அடித்து, அறை வெப்பத்தில் அளந்து, நிற வரைபடத்தில் சிவப்பு மூலையில் ஒரு புள்ளி. கடைசி வரி: "எனவே இப்பொருள் வெள்ளை எல்.இ.டி.க்கு உகந்தது." எந்த வெள்ளை எல்.இ.டி.? வீட்டு பல்பில் இருப்பது 450. நீங்கள் அடித்தது 394. பல்புக்குள் பொடி நூறு டிகிரிக்கு மேல் கொதிக்கும். நீங்கள் அளந்தது மின்விசிறிக்குக் கீழே. உள்ளே போன ஒளியில் எத்தனை சதம் வெளியே வந்தது என்ற எண்ணைக் காணவே காணோம். வேறு படிகம், வேறு சதவீதம் என்று மாற்றி அதே கட்டுரை மறுபடி வரும்.

அதோடு 'நானோ' மோகம் வேறு. பொடி எவ்வளவு சின்னதோ, மேற்பரப்பு அவ்வளவு அதிகம். மேற்பரப்பில் குறைகள் அதிகம். அந்தக் குறைகள் ஒளியைத் தின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத மைக்கும், ஒளி ஊடுருவும் படலத்துக்கும் நானோ வேண்டும். பல்புக்கு மைக்ரான் கணக்கில் இருக்கும் சாதாரணப் பொடியே நல்லது. தலைப்பில் நானோ இருந்தால் கட்டுரை ஓடும், பல்பு ஓடாது.

ஈயம் கலந்த ஹாலைடு பெரோவ்ஸ்கைட்டுகளையும் இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். அதில் இட்டெர்பியம் சேர்த்தால் ஒரு நீல ஒளித்துகளை விழுங்கி இரண்டு அகச்சிவப்புத் துகள்களாகத் தருகிறது. நூற்றுக்கு இருநூறை நெருங்கும் விளைச்சல். சோலார் பேனலுக்கு அருமையான விஷயம். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் என்பதால் தறிக்கு உபயோகமில்லை. இப்படி எது எதற்கு ஆகும் என்று பிரித்துச் சொல்வதுதான் ஆய்வு. எல்லாமே எல்லாவற்றுக்கும் உகந்தது என்பது ஜோசியம்.

பாவம், இதில் ஆராய்ச்சி மாணவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவனிடம் பொடி எரிந்ததா என்று யாரும் கேட்பதில்லை. பேப்பர் எத்தனை என்றுதான் கேட்கிறார்கள். ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022 விதிகளில் எடுத்துவிட்டது. விதி போனாலும் பழக்கம் போகவில்லை.

மூன்று ஆட்சேபணைகள்

"நெசவாளர் பகலில்தானே நெய்கிறார், இயற்கை வெளிச்சம் போதாதா?" அந்தத் தறி வீட்டுக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். தறி நீளத்துக்கு வீடு. இரண்டு பக்கமும் ஒட்டின சுவர். மழைக்காலத்தில் பட்டப்பகலில் விளக்கு வேண்டும். முகூர்த்த சீசனில் ராத்திரியும் நெய்தாக வேண்டும்.

"நிறத்தைத் தீர்மானிப்பது சாயக்காரர். நெசவாளருக்கு நிறம் தெரிந்து என்ன ஆகப்போகிறது?" இது கொஞ்சம் திமிரான கேள்வி. நெசவாளர் கை மட்டும் போதும், கண் வேண்டாம் என்று அர்த்தம். பிணைத்த இழையும் கோர்வையில் விலகிய இழையும் நெய்கிற நேரத்தில் தெரிந்தால் அந்த இடத்திலேயே திருத்தலாம். அப்புறம் தெரிந்தால் கூலி பேசும்போதுதான் தெரியும்.

"சிவப்பு நன்றாகக் காட்டும் பல்பு ஏற்கனவே வந்துவிட்டதே?" உண்மை. யூரோப்பியம் சேர்த்த நைட்ரைடு பொடியும், மாங்கனீசு சேர்த்த ஃப்ளூரைடு பொடியும் 450 நீலத்தை நன்றாகவே குடித்துச் சிவப்பைத் தருகின்றன. ஆர் 9-ல் 50-க்கு மேலே, 90 வரைக்கும்கூட எடுக்கும் விளக்குகள் சந்தையில் இருக்கின்றன. புடவையை விற்கிற கண்ணாடிக்கூண்டுக்கு மேலே தொங்குகிறவை அந்த ரகம். நெய்கிற கூரைக்குக் கீழே வரவில்லை. ஆக, குறை அறிவியலில் மட்டும் இல்லை. யார் கண்ணுக்கு என்ன மரியாதை என்பதிலும் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். காஞ்சிபுரத்துப் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் உறுப்பினர்களுக்கு நூலும் சரிகையும் கொடுக்கிற மாதிரி தறிக்கு ஒரு நல்ல பல்பும் கொடுக்கட்டும். அட்டையில் சி.ஆர்.ஐ. 90, ஆர் 9-ல் 50-க்குக் குறையாமல் என்று எழுதிக் கேட்கட்டும். எழுதிக் கேட்காவிட்டால் அந்த எண்ணை யாரும் சொல்ல மாட்டார்கள். காஞ்சியிலேயே மத்திய அரசின் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. பத்துத் தறிக்கு மேலே பழைய பல்பு, பத்துத் தறிக்கு மேலே புதுப் பல்பு என்று மாட்டி, ஒரு சீசன் முழுக்க இழை பிசகுகளை எண்ணினால் வாக்குவாதமே முடிந்துவிடும்.

நட்சத்திர அட்டையில் லூமெனுக்குப் பக்கத்தில் ஆர் 9-ஐயும் அச்சடிக்கச் சொல்லலாம். ஒரு வரி மைதான் செலவு. மார்க் ஷீட்டில் பேப்பரைச் சேர்த்தால் மாணவன் படிப்பான், கம்பெனியும் படிக்கும்.

கல்லூரிகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். 'வெள்ளை எல்.இ.டி.க்கு உகந்தது' என்று எழுதுகிறவர் 450-ல் அளந்த எண், 150 டிகிரியில் அளந்த எண், உள்ளே போனதில் வெளியே வந்த சதவீதம் மூன்றையும் கொடுக்க வேண்டும். தோற்ற எண்ணாக இருந்தாலும் கொடுக்க வேண்டும். தோற்ற எண்ணைப் பார்த்தால்தான் அடுத்தவன் அந்தக் கதவைத் தட்டாமல் வேறு கதவைத் தட்டுவான். பிரசியோடிமியத்துக்கு நீலத்தைக் குடிக்கக் கற்றுக்கொடுக்கும் துணைத் தனிமம் உண்டா, மணவாளக்குறிச்சி மணலுக்குப் பொருந்தும் வேறு படிகம் உண்டா? இவையெல்லாம் ஒரு ஆயுசுக்குப் போதுமான கேள்விகள்.

அடுத்த முறை வைவாவில் உட்காரும் பரிசோதகர், நிற வரைபடத்தின் சிவப்பு மூலையில் இருக்கும் புள்ளியைக் காட்டி, "இந்தப் பொடியை பல்பில் பூசி ஒரு முழம் அரக்குப் பட்டைப் பார்த்தாயா?" என்று கேட்கட்டும். பட்டு ஒரு முழம்தான். காஞ்சிபுரத்தில் கேட்டால் கொடுப்பார்கள்.